நினைவாற்றல் சோதனையும் குழந்தையின் இனப் பின்னணியும்: மதிப்பெண் எதை அளக்கிறது?

வெவ்வேறு இனங்களையும் இனக்குழுக்களையும் சேர்ந்த குழந்தைகள் நினைவாற்றல் சோதனைகளில் வெவ்வேறு சராசரி மதிப்பெண்கள் பெறுகிறார்கள் என்று சொல்லப்படுவது உண்மையா, உண்மையென்றால் அது பிறவியிலேயே அமைந்ததா என்பது கேள்வி. முதல் பாதிக்கு விடை, சில சோதனைகளில் ஆம் என்பதே. இரண்டாம் பாதியைப் பொறுத்தவரை, அப்படி முடிவு கட்டுவதற்கு இந்த மதிப்பெண்கள் இடம் தருவதில்லை என்பது என் விடை. எந்தச் சோதனை, எந்த மொழியில், எந்தக் குழந்தைகளிடம் என்ற கேள்விகளைக் கேட்காமலேயே முதல் பாதியிலிருந்து இரண்டாம் பாதிக்குத் தாவுகிறவர்கள் அதிகம் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் எளியது என்று கருதப்படும் சோதனையிலிருந்து தொடங்கலாம். சோதனை நடத்துபவர் நொடிக்கு ஓர் எண் என்ற சீரான வேகத்தில் சில எண்களைச் சொல்வார். குழந்தை அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்ல வரிசையின் நீளம் கூடிக்கொண்டே போகும். ஒரே நீளமுள்ள இரண்டு வரிசைகளும் தவறிவிட்டால் அத்துடன் நிறுத்திக்கொள்வார்கள். அதன் பிறகு, கேட்ட எண்களைக் கடைசியிலிருந்து முதலாகத் தலைகீழாகச் சொல்லும் பகுதி வரும். 1887இல் ஜோசப் ஜேக்கப்ஸ் அறிமுகப்படுத்திய இந்த எண்வரிசைச் சோதனை, பினேயும் சிமோனும் 1905இல் உருவாக்கிய நுண்ணறிவு அளவுகோலிலும், 1949இல் வெளிவந்த வெக்ஸ்லரின் குழந்தைகளுக்கான அளவுகோலிலும் இடம்பெற்று, இன்றுவரை பயன்பாட்டில் இருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தை ஏறத்தாழ 4 எண்களையும், ஒன்பது பத்து வயதுக் குழந்தை ஏறத்தாழ 6 எண்களையும் திருப்பிச் சொல்லும்.

எண்கள் எல்லா மொழிக்கும் பொதுவானவை, ஆகவே இதில் மொழிக்கோ வளர்ப்புக்கோ பங்கில்லை என்று தோன்றலாம். ஆனால் சோதனையின்போது சற்றுப் பெரிய குழந்தையின் உதடுகளைக் கவனித்தால், அவை மெல்ல அசைவதைப் பல நேரங்களில் பார்க்கலாம். கேட்ட எண்கள் மறந்துபோவதற்குள் அவற்றை மனத்துக்குள் மீண்டும் ஒருமுறை சொல்லிப் பார்த்துத்தான் குழந்தை அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆலன் பேட்லியும் அவருடைய சகாக்களும் 1975இல் காட்டியபடி, ஒருவர் ஏறத்தாழ இரண்டு நொடிகளில் எத்தனை சொற்களைச் சொல்லி முடிக்க முடியுமோ, கிட்டத்தட்ட அத்தனை சொற்களையே இப்படித் தக்கவைக்க முடிகிறது. அப்படியானால் எண்களின் பெயர்கள் நீளமாக இருக்கும் மொழியில் குறைவான எண்களே அந்த இரண்டு நொடிக்குள் அடங்கும். தமிழிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம்: ‘ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து’ என்று எழுத்து வழக்கில் திருத்தமாகச் சொல்வதற்கும், ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு’ என்று பேச்சில் ஓட்டிச் சொல்வதற்கும் ஆகும் நேரம் ஒன்றல்ல.

வேல்ஸ் நாட்டில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெல்ஷ் மொழியில் பெயர்க்கப்பட்ட வெக்ஸ்லர் சோதனையின் எண்வரிசைப் பகுதியில் வெல்ஷ் குழந்தைகள், ஆங்கிலம் பேசும் குழந்தைகளின் சராசரியைக் கொண்டு உருவான மதிப்பெண் அட்டவணைப்படி பின்தங்கியவர்களாகத் தெரிந்தார்கள். எல்லிஸ், ஹெனலி என்ற இருவர் 1980இல் வெளியிட்ட ஆய்வில் இரு மொழியும் அறிந்தவர்களைச் சோதித்தபோது, அதே ஆள் ஆங்கிலத்தில் கூடுதலான எண்களையும் வெல்ஷில் குறைவான எண்களையும் நினைவில் வைத்திருந்தார். வெல்ஷ் எண்பெயர்களைச் சொல்ல அதிக நேரம் பிடித்ததுதான் காரணம். மனத்துக்குள் சொல்லிப் பார்க்க முடியாதபடி, சோதனையின்போது வேறொரு சொல்லை இடைவிடாமல் முணுமுணுக்கச் செய்தால் இரு மொழிகளுக்கிடையே இருந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஓர் ஆளின் மூளை மொழிக்கு மொழி மாறுவதில்லை என்பதால், இங்கே ‘வெல்ஷ் இனத்தின் நினைவுக்குறை’ என்று எழுதுவதற்கு எதுவுமே மிஞ்சவில்லை.

சீன மொழியில் இதற்கு நேர் எதிரான நிலை. அதன் எண்பெயர்கள் ஒவ்வொன்றும் ஒற்றை அசையாக, மிகக் குறுகியவை. சீன மொழி பேசுகிறவர்கள் அமெரிக்கர்களைவிட அதிகமான எண்களைத் திருப்பிச் சொல்வது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஸ்டிக்லர், லீ, ஸ்டீவன்சன் ஆகியோர் 1986இல், எண்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு அவற்றைச் சொல்ல ஆகும் மொத்த நேரத்தைக் கணக்கிட்டபோது, இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லாமல் போனது. 1997இல் சீனம், ஆங்கிலம், ஃபின்னிஷ், கிரேக்கம், ஸ்பானிஷ், ஸ்வீடிஷ் ஆகிய ஆறு மொழிகளைப் பேசும் பெரியவர்களை ஒப்பிட்ட ஆய்விலும், முணுமுணுக்கச் செய்தவுடன் சீனத்தின் முன்னிலை காணாமல் போயிற்று. ‘ஆசியக் குழந்தைகளுக்கு இயல்பிலேயே நினைவாற்றல் அதிகம்’ என்று பெருமையாகச் சொல்லப்படுவதும் ‘இன்ன இனத்துக்குக் குறைவு’ என்று இழிவாகச் சொல்லப்படுவதும் ஒரே தவறின் இரு முகங்கள் என்பதற்காகவே இதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இதுவரை சொன்னது செவி வழியான நினைவு. கண்வழி நினைவுக்கு வந்தால் கதை இன்னும் சுவையானது. ஆஸ்திரேலியாவில் ஜூடித் கியரின்ஸ் என்ற உளவியலாளர் 1981இல் வெளியிட்ட ஆய்வு, பாலைநிலப் பகுதிகளைச் சேர்ந்த பழங்குடிச் சிறுவர் சிறுமியரையும் வெள்ளையர் குடும்பத்துப் பிள்ளைகளையும் ஒப்பிட்டது. கட்டம் கட்டமாகப் பிரித்த பரப்பில் பொருள்களை வைத்து, 30 நொடிகள் பார்க்கவிட்டு, பிறகு எல்லாவற்றையும் கலைத்துக் குவித்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கச் சொல்வதுதான் சோதனை. ஒரு தொகுப்பில் வெவ்வேறு வகையான தொழிற்சாலைப் பொருள்கள். இன்னொன்றில் வெவ்வேறு இயற்கைப் பொருள்கள். மூன்றாவதில் எல்லாமே புட்டிகள். நான்காவதில் எல்லாமே கற்கள். அந்தக் காலத்து வழக்கமான சோதனைகளில் தொடர்ந்து பின்தங்கியவர்களாகக் காட்டப்பட்டுவந்த பழங்குடிப் பிள்ளைகள் இந்த நான்கிலும் முந்தினார்கள். அதுவும், வெள்ளையர் பிள்ளைகளுக்கே அதிகம் பழக்கமான தொழிற்சாலைப் பொருள்களிலும் முந்தினார்கள்.

பிள்ளைகள் உட்கார்ந்திருந்த விதத்தையும் கியரின்ஸ் கவனித்து எழுதியிருக்கிறார். பழங்குடிப் பிள்ளைகள் 30 நொடியும் அசையாமல், ஒரு சத்தமும் இல்லாமல் பரப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்ப வைக்கும்போதும் அவசரப்படாமல் ஒவ்வொன்றாக வைத்தார்கள். வெள்ளையர் பிள்ளைகள் நெளிந்தார்கள், பொருள்களின் பெயர்களை முணுமுணுத்தார்கள், தொடக்கத்தில் வேகவேகமாக வைத்துவிட்டுப் பிறகு தயங்கினார்கள். எப்படி நினைவில் வைத்தீர்கள் என்று கேட்டபோது பழங்குடிப் பிள்ளைகள் அது எப்படித் தெரிந்ததோ அப்படியே நினைவில் வைத்ததாகச் சொன்னார்கள். வெள்ளையர் பிள்ளைகள் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டதாகச் சொன்னார்கள். பெயர் சொல்லி நினைவில் வைப்பவர்களுக்குக் கற்கள் என்ற தொகுப்பு பெரும் தொல்லை, ஏனென்றால் எல்லாவற்றின் பெயரும் கல்தான். பார்த்தபடியே நினைவில் வைப்பவருக்குக் கல்லும் ஒன்றுதான், புட்டியும் ஒன்றுதான்.

கியரின்ஸ் இந்த முடிவுக்கு விளக்கம் தேடும்போது, பாலைநிலத்தில் வழி தவறாமல் வாழ வேண்டிய கட்டாயம் பல தலைமுறைகளாக இயற்கைத் தேர்வாகச் செயல்பட்டிருக்கலாம் என்பதையும், சிறு வயதிலிருந்தே கூர்ந்து பார்க்கப் பழக்கும் வளர்ப்பு முறையையும் சேர்த்தே முன்வைத்தார். முதலாவதை அவருடைய சோதனை நிறுவவில்லை. அந்தச் சோதனை அதற்காக வடிவமைக்கப்பட்டதும் அல்ல. இரண்டாவதற்கு, பிள்ளைகளின் அசைவும் முணுமுணுப்பும் நேரடியாகவே சாட்சி சொல்கின்றன என்பது என் கருத்து.

மறுவருடம், அதாவது 1982இல், பார்பரா ரோகாஃபும் கேத்ரின் வாடெலும் ஏறத்தாழ இதே போன்ற ஒன்றை வேறோர் இடத்தில் செய்தார்கள். குவாத்தமாலாவின் மாயா இனத்து ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கும் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி பிள்ளைகளுக்கும், மலை, ஏரி, சாலை, வீடுகள் கொண்ட ஒரு சிறிய மாதிரி நிலப்பரப்பைக் காட்டி, அதில் வைக்கப்பட்ட 20 பொம்மைப் பொருள்களைப் பிறகு அதே இடங்களில் வைக்கச் சொன்னார்கள். தொடர்பில்லாத சொற்பட்டியலைச் சொல்லும் சோதனைகளில் மேலைநாட்டுப் பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்கும் மாயா பிள்ளைகள் இதில் அவர்களுக்குச் சமமாக, இம்மி கூடுதலாகக்கூட, செய்தார்கள். அமெரிக்கப் பிள்ளைகளில் பலர் இங்கும் பெயர்களை முணுமுணுத்துப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் கைகொடுத்த உத்தி இந்த நிலப்பரப்பில் அவ்வளவாகப் பயன்படவில்லை.

‘பள்ளிக்கூடத்தில் கைகொடுத்த உத்தி’ என்பதுதான் இந்த விஷயத்தின் மையம் என்று நினைக்கிறேன். ஒன்றோடொன்று தொடர்பில்லாத பத்துப் பதினைந்து சொற்களை, எந்தத் தேவையும் இல்லாமல், யாரோ ஒருவர் கேட்கிறார் என்பதற்காக நினைவில் வைத்து ஒப்பிப்பது மனித வாழ்க்கையில் இயல்பாக நேரும் செயல் அல்ல. அது வகுப்பறையில் மட்டும் நடக்கிற ஒன்று. லைபீரியாவின் க்பெல்லே மக்களிடையே மைக்கேல் கோலும் சகாக்களும் செய்து 1971இல் நூலாக வெளியிட்ட ஆய்வுகளில், பள்ளிக்குச் செல்லாதவர்கள் இத்தகைய பட்டியலை எத்தனை முறை கேட்டாலும் பெரிதாக முன்னேறவில்லை. அதே பொருள்களை ஒரு கதைக்குள் வைத்துச் சொன்னபோது அவர்கள் நினைவுகூர்ந்த விதமே மாறியது. மொராக்கோவில் டேனியல் வாக்னர் 1978இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துக் காட்டியது. படங்கள் வரைந்த அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கவிழ்த்து வைத்துவிட்டு, குறிப்பிட்ட படம் எங்கே இருக்கிறது என்று கேட்டபோது, கடைசியாகப் பார்த்த அட்டைகளை நினைவுகூர்வதில் பள்ளி சென்றவர்களுக்கும் செல்லாதவர்களுக்கும் வேறுபாடு இல்லை. முதலில் பார்த்த அட்டைகளை, அதாவது திரும்பத் திரும்ப மனத்துக்குள் சொல்லிப் பார்த்தால் மட்டுமே நிற்கக்கூடியவற்றை, பள்ளி சென்றவர்களே கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். நினைவின் அடிப்படைக் கொள்ளளவு எங்கும் ஒரே மாதிரி இருக்கிறது, அதைக் கையாளும் உத்திதான் பள்ளியோடு வளர்கிறது என்பதே வாக்னர் கண்ட முடிவு.

பள்ளியின் இந்தப் பங்கை ஒரே சமூகத்துக்குள்ளேயே பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பள்ளிச் சேர்க்கைக்கான பிறந்தநாள் வரம்புக்குச் சில வாரங்கள் முன்னால் பிறந்து முதல் வகுப்பில் சேர்ந்துவிட்ட குழந்தைகளையும், சில வாரங்கள் பின்னால் பிறந்து இன்னும் ஓராண்டு காத்திருக்கும் குழந்தைகளையும் ஒப்பிடலாம். ஃபிரெடரிக் மாரிசனும் சகாக்களும் 1995இல் இப்படி ஒப்பிட்டபோது, வயது ஏறத்தாழ ஒன்றாக இருந்தும், முதல் வகுப்பில் இருந்தவர்களின் குறுகிய கால நினைவே குறிப்பிடத்தக்க அளவு வளர்ந்திருந்தது. தரமான பள்ளி ஒரு சமூகத்துக்குக் கிடைத்து மற்றொன்றுக்குக் கிடைக்காத இடத்தில் சராசரிகள் பிரிந்து நிற்பது வியப்புக்குரியது அல்ல.

இனி, இந்தக் கேள்வி பெரும்பாலும் எழும் இடமான அமெரிக்காவுக்கு வருகிறேன். அங்கே ஒரே மொழியில், ஒரே நாட்டுப் பள்ளிகளில் படிக்கும் கறுப்பினக் குழந்தைகளுக்கும் வெள்ளையினக் குழந்தைகளுக்கும் இடையே சில நினைவுச் சோதனைகளில் சராசரி இடைவெளி இருக்கிறது. அதை மறைப்பதில் பயனில்லை. அந்த இடைவெளி எல்லாச் சோதனைகளிலும் ஒரே அளவில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன வேறுபாட்டில் மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு என்று வாதிட்டவர்களில் முதன்மையானவரான ஆர்தர் ஜென்சனே, கேட்டதை அப்படியே ஒப்பிக்கும் நினைவில் குழுக்களிடையே வேறுபாடு சிறியது என்று 1969இல் எழுதினார். அவரும் ஃபிகரோவாவும் 1975இல் வெளியிட்ட தரவுகளில் எண்களை நேராகச் சொல்வதில் இடைவெளி குறைவாகவும், தலைகீழாகச் சொல்வதில் அதிகமாகவும் இருந்தது. ‘இன்ன இனத்தின் நினைவாற்றல்’ என்ற ஒற்றைப் பொருள் இல்லை என்பதற்கு எதிர்த்தரப்பின் தரவே சான்றாகிறது.

தலைகீழாகச் சொல்வதில் உள்ள அந்தக் கூடுதல் இடைவெளிக்கு என்ன காரணம்? அது எண்களை நினைவில் வைத்துக்கொண்டே அவற்றின் மீது வேலையும் செய்யக் கேட்கிறது. உளவியலாளர்கள் செயல்படு நினைவு என்று அழைக்கும் இந்தத் திறன், நீண்ட கால மன அழுத்தத்தால் பாதிக்கப்படக்கூடியது. கேரி எவன்ஸும் மிஷெல் ஷாம்பர்க்கும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைப் பருவத்தில் வறுமையில் கழிந்த காலம் எவ்வளவு நீண்டதோ அவ்வளவுக்கு, வளர்ந்த பிறகு செயல்படு நினைவு குறைந்திருந்தது. இரத்த அழுத்தம், மன அழுத்தத்தின்போது சுரக்கும் ஹார்மோன்கள் போன்றவற்றால் அளக்கப்பட்ட உடலின் தேய்மானமே இடையில் நின்று இதை விளக்கியது. அந்த ஆய்வில் பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்கள் என்பதால், இனத்தை இதில் இழுக்கவே வழியில்லை. கிம்பர்லி நோபிளும் சகாக்களும் 2015இல், 3 முதல் 20 வயது வரையிலான 1,099 பேரின் மூளைப் படங்களை ஆராய்ந்தபோது, மரபணு வழி வம்சாவளியைக் கணக்கில் கழித்த பின்னும் குடும்ப வருமானத்துக்கும் மூளைப் புறணியின், அதாவது மூளையின் வெளிப்புற அடுக்கின், பரப்புக்கும் தொடர்பு இருந்தது. வருமானம் மிகக் குறைவாக உள்ளவர்களிடம் அந்தத் தொடர்பு மிக வலுவாக இருந்தது.

இங்கே எதிர்வாதம் ஒன்று வரும், அது நியாயமானதும்கூட: வருமானத்தைச் சமப்படுத்திய பிறகும் சில ஆய்வுகளில் இடைவெளியில் ஒரு பகுதி மிஞ்சுகிறதே, அது என்ன? மிஞ்சுவதை எல்லாம் மரபணுவின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. ஆனால் வருமானத்தைச் சமப்படுத்துவது வாழ்க்கையைச் சமப்படுத்துவது ஆகாது. அமெரிக்க மத்திய வங்கியின் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, வெள்ளையினக் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து (பாதிக் குடும்பங்களிடம் இதைவிட அதிகம், பாதியிடம் குறைவு) 285,000 டாலர். கறுப்பினக் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து 44,900 டாலர். ஒரே சம்பளம் வாங்கும் இரு குடும்பங்கள் வெவ்வேறு குடியிருப்புகளில், வெவ்வேறு பள்ளிகளுக்கு அருகில் இருப்பதும், பழைய வீடுகளின் வண்ணப்பூச்சும் குழாயும் தரும் ஈயம் ஒரு தரப்புப் பிள்ளைகளின் இரத்தத்தில் அதிகமாகச் சேர்ந்துவந்ததும் ‘ஆண்டு வருமானம்’ என்ற ஒற்றை எண்ணில் தெரியாது.

மரபணு வாதத்தைப் பற்றி இரண்டு செய்திகள் போதும். ஒரு குழுவுக்குள் தனிமனிதர்களிடையே காணப்படும் வேறுபாட்டில் மரபுக்குப் பெரும் பங்கு இருந்தாலும், இரு குழுக்களின் சராசரிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஒரே பையிலிருந்து எடுத்த விதைகளை நல்ல நிலத்திலும் வறண்ட நிலத்திலும் விதைத்தால், ஒவ்வொரு நிலத்துக்குள்ளும் செடிகளின் உயரம் விதையால் வேறுபடும், இரு நிலங்களுக்கிடையே உள்ள உயர வேறுபாடோ முழுக்க மண்ணால் வரும் என்று ரிச்சர்ட் லெவாண்டின் 1970இல் விளக்கியது இதைத்தான். அவரே 1972இல், மனித மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கள்தொகைக்கு உள்ளேயே இருப்பதாகக் கணக்கிட்டார். போதாக்குறைக்கு, ஆய்வுப் படிவங்களில் உள்ள ‘இனம்’ என்ற கட்டமே உயிரியல் வகைப்பாடு அல்ல. அமெரிக்கப் படிவங்களில் ‘ஹிஸ்பானிக்’ (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தவர்) என்று குறித்துக்கொள்ளும் மாயா மொழி பேசும் குடும்பத்துக் குழந்தைக்கும், ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்த அர்ஜென்டினக் குடும்பத்துக் குழந்தைக்கும் அந்தக் கட்டத்தைத் தவிர வேறு என்ன பொது?

இனம் நேரடியாகவே உள்ளே வரும் நினைவுச் சோதனை ஒன்று இருக்கிறது. முகங்களை நினைவில் வைப்பது. தம் இனத்தவரின் முகங்களைப் பிற இன முகங்களைவிட எளிதாக அடையாளம் காண்பது உலகெங்கும் காணப்படும் இயல்பு. மூன்று மாதக் குழந்தை எல்லா இன முகங்களையும் வேறுபடுத்துகிறது, ஒன்பது மாதத்தில் தனக்குப் பழகிய இனத்தின் முகங்களை மட்டுமே வேறுபடுத்துகிறது என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. ஐரோப்பியக் குடும்பங்கள் மூன்று முதல் ஒன்பது வயதுக்குள் தத்தெடுத்து வளர்த்த கொரியப் பிள்ளைகளைப் பெரியவர்களான பின் சோதித்தபோது, அவர்கள் ஐரோப்பிய முகங்களையே மேலாக நினைவில் வைத்தார்கள் என்று 2005இல் பதிவாகியிருக்கிறது. பார்த்துப் பழகிய முகங்கள் எவையோ அவைதான் நினைவில் நிற்கின்றன.

இந்த ஆய்வுச் சண்டைகள் குழந்தைகளின் தலையெழுத்தைத் தீர்மானித்த சம்பவங்களும் உண்டு. கலிபோர்னியாவில் மாணவர்களில் ஏறத்தாழ 10 விழுக்காடாக இருந்த கறுப்பினப் பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றியவர்களுக்கென்று ஒதுக்கிய வகுப்புகளில் ஏறத்தாழ 25 விழுக்காடாக இருந்தார்கள்; எண்வரிசையும் உள்ளடங்கிய நுண்ணறிவுச் சோதனைகளைக் கொண்டு கறுப்பினப் பிள்ளைகளை அந்த வகுப்புகளில் தள்ளுவதற்கு நீதிபதி ராபர்ட் பெக்கம் 1979இல் தடை விதித்தார். இதைச் சரிசெய்வதாக நினைத்து, ஒவ்வோர் இனத்துக்கும் தனி அட்டவணை வைத்து மதிப்பெண்ணைத் திருத்தும் வழக்கமும் நரம்பியல் சோதனைகளில் நுழைந்தது. அதன் விளைவு என்னவென்றால், ஒரு தரப்புக்குத் தொடக்கமே தாழ்வு என்று கொள்வதால், அந்தத் தரப்பில் ஒருவருக்கு உண்மையிலேயே நினைவிழப்பு ஏற்பட்டால்கூட அது இயல்பு என்று கணக்காகிவிடுகிறது. ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ விளையாட்டின் தேசிய லீக், முன்னாள் வீரர்களின் தலைக்காய இழப்பீட்டு வழக்கில் இந்த முறையைக் கைவிடுவதாக 2021இல் அறிவிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே ஒரு குழந்தையின் நினைவு மதிப்பெண் கையில் வந்தால், இனக் கட்டத்தைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு. சோதனை குழந்தையின் வீட்டு மொழியில் நடந்ததா, பள்ளி மொழியில் நடந்ததா. மதிப்பெண் அட்டவணை எந்த நாட்டு, எந்த மொழிக் குழந்தைகளைக் கொண்டு உருவானது. குழந்தை எத்தனை ஆண்டு பள்ளிக்குப் போயிருக்கிறது. செவித்திறன், தூக்கம், இரும்புச்சத்து ஆகியவை சரிபார்க்கப்பட்டனவா என்பவையே அவை. சொல்வளத்தைச் சார்ந்த சோதனைகளில் சிறுபான்மை இனப் பிள்ளைகள் பின்தங்கினாலும், எந்த மொழியிலும் பொருளில்லாத புனைசொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனையில் அந்த இடைவெளி மறைந்ததை அமெரிக்காவில் கேம்ப்பெலும் சகாக்களும் 1997இல் கண்டார்கள்; பிரேசிலில் 2008இல் வெளியான ஆய்வொன்று வசதியான, வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளிடையே இதேபோன்ற முடிவைக் கண்டது. ஐயம் இருந்தால் இத்தகைய சோதனையையும், இருமொழிக் குழந்தையானால் இரு மொழிகளிலும் எண்வரிசையையும் நடத்தும்படி கேட்கலாம். ஒரு மொழியில் இயல்பாகவும் மற்றொன்றில் குறைவாகவும் வந்தால் அது மொழிப்பழக்கத்தின் வேறுபாடு. அதன் பிறகும் ஐயம் நீங்காவிட்டால், மனத்துக்குள் சொல்லிப் பார்க்கும் உத்தியைக் குழந்தைக்குக் கற்றுத்தந்து, வேறு வரிசைகளைக் கொண்டு சில நாட்கள் கழித்து மறுபடியும் சோதிக்கச் சொல்லலாம்.